கிளிநொச்சியில் ஒரு லண்டன் கணப்பு: பழுதும் பழுதில்லாததும்

அறையைச் சூடாக்குகிற மின் கணப்பு வன்னியில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்றபோது அடித்த குளிர்காற்றில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. மழையில் ஊறி நிற்கும் மாட்டுக்குக் காற்றும் சேர்ந்துகொண்டால் தாங்காது. அந்தக் கிழமை அக்கா வீட்டு மண்டபத்தில் மின் கணப்பின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களில், அதைப் பார்த்து முன்பு சிரித்தவர்கள்தான் அதிகம். அதற்காக இது எங்கள் ஊருக்கு ஏற்ற பொருள் என்று சொல்ல வரவில்லை. மார்கழி, தை நீங்கலாக மற்ற மாதங்களில் அது வடிவுக்கு இருக்கிற சாமான். ஆனால் வெளிநாட்டுப் பணத்தில் எழும்புகிற மாடி வீடுகளில் வேறு சிலவற்றையும் கண்டுவிட்டேன். கண்ட இடமெல்லாம் ஒரே முறைப்பாடு: பழுதாகிவிட்டது. போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் பழுதே இல்லை. மீதியில் பெரும்பகுதி எங்கள் தூசியும் பூச்சியும் சுவர்ச் சொக்கற்றும் செய்த வேலை.

நான் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியை. அக்கா குடும்பம் லண்டனில். வீட்டுத் திறப்பு என்னிடம். அத்தான் வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பியபோது இந்தக் கணப்பையும் ஏற்றிவிட்டார். வந்த பிறகு மேசனைப் பிடித்து, புகையே வராத கணப்புக்குப் புகைபோக்கிபோல ஒரு சுவரும் கட்டுவித்தார். அந்தச் சுவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பாதி வில்லங்கம் அதில்தான் தொடங்கியது.

பொருள் இதுதான். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே பொய் விறகு, அதன் பின்னால் எல்இடி வெளிச்சத்தில் ஆடுகிற பொய்த் தீ. மேல் விளிம்பில் ஒரு நீளப் பிளவு வழியாகக் காற்றாடி சுடுகாற்றை ஊதும். சூடு இரண்டு நிலை: 1000 வாற்று, 2000 வாற்று. தீயை மட்டும் தனியே எரியவிடலாம். ரிமோற் உண்டு. கம்பனிப் பெயர் இங்கே வேண்டாம். இந்த வகைக் கணப்புகள் எல்லாவற்றின் உள்ளமைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அத்தானின் முதல் விடுமுறையிலேயே வந்த முறைப்பாடு, "தீ எரிகிறது, சூடு வரவில்லை" என்பது. நான் போனபோது மண்டபத்து வெப்பமானி 29 பாகை காட்டியது. ரிமோற்றில் அவர் வைத்திருந்தது 22. கணப்புக்குள் இருக்கிற தேர்மோஸ்டற் அறைக் காற்றை அளந்து, நாம் வைத்த அளவைவிட அறை குளிர்ந்தால் மட்டும் சூட்டுச் சுருளுக்கு மின்சாரத்தை விடும். லண்டனில் அறை 15 பாகையில் கிடக்கும். 22 என்றால் உடனே ஊதத் தொடங்கும். இங்கே ஆவணியில் நடுச்சாமத்திலும் மண்டபம் 22க்கு இறங்காது. இயந்திரம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அமைதியாக இருந்தது. அத்தான் அதைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அளவை ஆகக் கூடிய இடத்துக்கு ஏற்றியதும் ஒரு 'டிக்' சத்தம், பிறகு காற்று. மத்தியானத்தில் அறை அந்த அளவையும் தாண்டி நின்றால் எதை அமர்த்தினாலும் சூடு வராது. தை மாத விடியற்காலையில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல், சூட்டுப் பகுதி பழுது என்று யாரிடமும் காசு கொடுக்காதீர்கள்.

இனி அந்தச் சுவர். மேசன் நல்ல வேலைக்காரர். அதனாலேயே கணப்பைச் சுற்றி ஒரு விரல் இடமும் விடாமல் பூசிவிட்டார். இந்த இயந்திரம் அறைக் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. இழுக்கிற வழியும் தள்ளுகிற வழியும் திறந்திருக்க வேண்டும். அடைத்துக் கட்டினால் உள்ளே சூடு தேங்கும். தேங்கிய சூட்டைத் தேர்மோஸ்டற் அறைச் சூடு என்று எண்ணி நேரத்தோடு நிறுத்திவிடும். இன்னும் ஏறினால் பாதுகாப்பு வெட்டி மொத்தச் சூட்டையும் துண்டிக்கும். அப்போது பிளக்கைக் கழற்றி அரை மணித்தியாலம் ஆறவிட்டுத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் திரும்பத் திரும்ப வெட்டினால் காரணம் எங்கோ அடைப்பில் இருக்கிறது. எங்கள் வீட்டில் மேசனைத் திரும்பக் கூப்பிட்டு, பக்கங்களில் உளியால் இடைவெளி எடுப்பித்தோம். சுவர் முன்னைப்போல வடிவாக இல்லை. கணப்பு ஒழுங்காக ஊதுகிறது.

இடைவெளி எடுத்த பிறகும் ஒரு வருடம் அதே வெட்டு. இந்த முறை காற்றாடி முனகியது, காற்று வரவில்லை. கரடிப்போக்குச் சந்திப் பக்கம் மின் சாமான் திருத்துகிற தம்பி ஒருவர் இருக்கிறார், என்னிடம் படித்தவர். அவர் பிளக்கைக் கழற்றிவிட்டு மேல் தகட்டின் திருகாணிகளைத் திருப்புளியால் எடுத்துத் தூக்கிப் பிடித்து, "ரீச்சர், இங்கே வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார். சூட்டுப் பிளவின் உட்புறத்தில், ஒரு முனையில் தொடங்கிக் காற்றாடியின் தகடுவரை, வரிசையாக மண் கூடுகள். குளவி கட்டியவை. பெருவிரல் நகமளவு உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டி, வாசல் பூசி மூடப்பட்டிருந்தன. ஒன்றைத் தட்டி உடைத்தால் உள்ளே பச்சைப் புழுக்கள் நெருக்கி அடுக்கிக் கிடந்தன. செத்தவை அல்ல. தொட்டால் மெல்ல நெளிந்தன. குளவி கொட்டி மயக்கிவிட்டு, தன் குஞ்சுக்கு உணவாக வைத்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறது. பத்து மாதம் சூடே போடாத இயந்திரம், மழை படாத இடம், உள்ளே போய்வர ஒரு நீளப் பிளவு: குளவிக்கு இதைவிட நல்ல காணி கிடைக்காது. அதோடு காற்றாடித் தகட்டில் செம்மண் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்து இறுகியிருந்தது. எங்கள் ஒழுங்கை கிரவல். உழவு இயந்திரம் ஒன்று போனால் மண்டபத்து மேசையில் பெயர் எழுதலாம். காய்ந்த வர்ணத் தூரிகையால் துடைத்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதி முடித்தார். தண்ணீர் ஒரு துளியும் படக்கூடாது.

அன்றிலிருந்து பங்குனி பிறந்தால் அந்தப் பிளவுக்கு ஒரு வலைத் துணியை ஒட்டிவிடுகிறேன். சூடு போடுகிற காலத்தில் மறக்காமல் எடுக்க வேண்டும். துணியோடு போட்டால் கதை வேறாகிவிடும். ரிமோற்றிலேயே ஒரு கடதாசித் துண்டு ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

நீண்ட நாள் ஓய்வுக்குப் பிறகு முதன்முதல் போடும்போது எரிந்த வாடை வரும். சுருளில் படிந்த தூசி எரிகிற வாடை அது. யன்னலைத் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் போய்விடும். பிளாஸ்ரிக் உருகுகிற வாடை வந்தால் காத்திருக்க வேண்டாம், சுவர்ச் சுவிச்சை நிறுத்துங்கள். அந்த வாடை அநேகமாகக் கணப்பிலிருந்து வராது, பிளக்கிலிருந்து வரும். அது எங்கள் வீட்டிலும் நடந்தது.

2000 வாற்றை 230 வோல்ற்றால் பிரித்தால் ஏறத்தாழ 8.7 அம்பியர். 13 அம்பியர் சொக்கற்றுக்கு அது பெரிய பாரம் இல்லை, சொக்கற் நல்லதாக இருந்தால். வீடு கட்டியபோது வயரிங் செய்தவர்கள் போட்ட மலிவுச் சொக்கற்றில் உள்ளே இருக்கிற பித்தளைப் பிடி தளர்ந்துபோய்விட்டது. தளர்ந்த பிடியில் தொடுகை குறையும். தொடுகை குறைந்த இடத்தில் தடை கூடும். தடை கூடிய இடம் சுடும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியவள் நான். பிளக்கைக் கழற்றியபோது ஒரு முள்ளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்ரிக் தேயிலைச் சாயம்போலக் கபிலமாகிக் கிடந்தது. பிளக்கையும் மாற்றி, சொக்கற்றையும் மாற்றி, பின்னால் கம்பித் திருகுகளை இறுக்கிய பிறகு சூடு நின்றது. அரை மணித்தியாலம் ஓடிய பிறகு பிளக்கின் மேல் கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

நீட்டு வயரில், அதுவும் ரி.வி., போன் சார்ஜர், மீன்தொட்டி எல்லாம் குத்திய பலகையில், கணப்பைக் குத்துவது வீட்டைக் கொளுத்துவதற்குச் சமம். இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டு முள் பிளக்கைச் சதுரச் சொக்கற்றில் நுழைக்க, மேல் துளைக்குள் பேனை மூடியைக் குத்துவார்கள். பூமிக் கம்பி இல்லாமல் போன் சார்ஜர் ஓடலாம். தகரப் பெட்டிக்குள் சிவந்த சுருள் இருக்கிற சாமான் அப்படி ஓடக்கூடாது.

மாலையில் சூடு பத்தவில்லை, விடியற்காலையில் நன்றாக ஊதுகிறது என்று பரந்தன் பக்கம் ஒருவர் கேட்டார். அவருடைய வீடு மின்மாற்றியிலிருந்து வெகுதூரம். ஊரே விளக்குப் போடுகிற நேரத்தில் வோல்ற்றளவு விழுந்துவிடுகிறது. 230 இல் 2000 வாற்று தருகிற நிக்குரோம் சுருள், 190 இல் ஏறத்தாழ 1365 வாற்றுத்தான் தரும், ஏனென்றால் வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போகிறது. கணப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

தீ ஆடாமல் உறைந்து நின்றால் கதை வேறு. இந்தத் தீயின் சூட்சுமத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவே ஒருமுறை கழற்றலாம். அடியில் குறுக்காக ஒரு மெல்லிய கம்பி, அதில் பளபளக்கும் தகட்டு இதழ்கள் தாறுமாறாக ஒட்டியிருக்கும். ஒரு முனையில் சின்ன மோட்டர் கம்பியை மெதுவாகச் சுற்றும். எல்இடி வெளிச்சம் இதழ்களில் பட்டுத் தெறித்து, பின்னால் இருக்கிற திரையில் தீ நாக்குகளாக ஏறும். எங்கள் வீட்டில் வெளிச்சம் இருந்தது, ஆட்டம் இல்லை. மோட்டரும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இரண்டையும் இணைக்கிற ரப்பர்ச் சுற்று எங்கள் வெக்கையில் காய்ந்து இறுகி, பிடியை விட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கேட்டால் முழுத் தீப் பகுதியையும் வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று, கணப்பின் விலையில் பாதியைக் கேட்டார்கள். கரடிப்போக்குத் தம்பி தன் மேசை லாச்சியிலிருந்து சைக்கிள் வால்வுக்குப் போடுகிற மெல்லிய ரப்பர்க் குழாயை எடுத்து, நகமளவு வெட்டி, மோட்டர் முனையிலும் கம்பியிலும் ஏற்றிவிட்டார். இன்றுவரை சுற்றுகிறது. கீச்சென்ற சத்தமும் அதே இடத்தில்தான் பிறக்கும்: கம்பியின் மறுமுனை உட்கார்ந்திருக்கிற குழியில் தூசி. துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு பொட்டு. தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

தீயின் ஒரு பக்கம் மட்டும் இருண்டால் எல்இடி தொடரில் ஒன்று போயிருக்கும். அந்தத் தொடர் முழுவதும் அணைந்துவிடும். இதுவும் இங்கேயே திருத்தக்கூடிய வேலை.

ரிமோற் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பற்றரி நாணயம் போன்ற வட்டவகை. மணிக்கூடு திருத்துபவர்களிடம் கிடைக்கும். புதுப் பற்றரி போட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரிமோற்றின் முனையைப் போன் கமெராவுக்குக் காட்டி அழுத்துங்கள். திரையில் ஊதா மினுக்கம் தெரிந்தால் ரிமோற் நல்லது. எங்கள் மண்டபத்தின் மேற்கு யன்னல் வெயில் நேரே கணப்பின் கண்ணில் விழுகிறது. நான்கு மணிக்கு ரிமோற் எடுக்காது, ஆறு மணிக்கு எடுக்கும். திரைச்சீலை போட்டேன், சரி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. கணப்பைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிச் விழுகிறது. அந்தச் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழும். ஈரமும் தூசியும் சேர்ந்த சூட்டுப் பகுதியில் அவ்வளவு கசிவு வரலாம். முதலில் தீயை மட்டும் போடுங்கள். நின்றால், பிறகு குறைந்த சூட்டைப் போடுங்கள். அப்போது விழுந்தால் கோளாறு சூட்டுப் பகுதியில்தான். கழற்றித் துடைத்து உலரவைத்து, மின்காப்பை அளந்து பார்த்த பிறகே திரும்பப் போட வேண்டும். சில வயரிங்காரர் ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேரே இழுத்துத் தருவதாகச் சொல்வார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

2022 மின்வெட்டுக் காலத்தில், ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை போன நாட்களில், மின்சாரம் திரும்பி வருகிற அடியில் கணப்பின் கட்டுப்பாட்டுப் பலகை போனது. சுற்றுப்பலகையில் மிகையழுத்தத்தைத் தாங்குகிற ஒரு சின்ன நீலத் தட்டு வெடித்துக் கிடந்தது. தம்பி அதையும் உருகியையும் மாற்றினார். இப்போது மின்சாரம் நின்றவுடன் பிளக்கைக் கழற்றுகிறேன். தேவையில்லாத நாட்களிலும் கழற்றியே வைக்கிறேன். சிற்றெறும்புக்கும் பல்லிக்கும் சுற்றுப்பலகையின் இளஞ்சூடு மிகப் பிடிக்கும்; பிளக் இல்லாவிட்டால் சூடும் இல்லை.

வருகிற விருந்தாளிகளிடம் ஒரு வேண்டுகோள். கணப்பின் மேல் ஈரத் துவாயைக் காயப்போடாதீர்கள். சூட்டுப் பிளவுக்கு நேரே துணி தொங்கினால் காற்று அடைபடும், துணி கருகும். கொடி வெளியே கட்டியிருக்கிறது.

மின் கட்டணம் கேட்பவர்களுக்கு: முழுச் சூட்டில் மணித்தியாலத்துக்கு 2 அலகு. இரவில் 4 மணித்தியாலம் என்றால் மாதம் 240. வீட்டுப் பாவனைக்கு 180 அலகுக்கு மேல்தான் ஆகக் கூடிய விலை என்பது மின்சார சபைக்குக் காசு கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தீயை மட்டும் எரியவிட்டால் அதே நேரத்துக்கு மாதம் 2 அலகும் வராது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணி எரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்த எனக்கு, எரியாத தீக்கு மின்சாரம் கொடுப்பது முதலில் கோபத்தைத்தான் தந்தது. அயல் பிள்ளைகள் வந்து கண்ணாடியில் கையை வைத்து, சுடவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவதைப் பார்த்த பிறகு கோபம் குறைந்துவிட்டது. தீ மட்டும் என்றால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். சூட்டுக்கு இரண்டரை. கூட வந்த கையேட்டுக்கு ஒன்று. அது குளிர்நாட்டுக்காரருக்கு எழுதியது, அறை ஏற்கெனவே சூடாக இருந்தால் என்ன என்று ஒரு வரி இல்லை. கரடிப்போக்குத் தம்பிக்கு ஐந்து. காசு குறைவாக வாங்குகிறார் என்பதற்காக அல்ல. கழற்றிய திருகாணிகளை ஒரு மூடியில் போட்டு, திரும்பப் பூட்டும்போது ஒன்றும் மிஞ்சாமல் முடிக்கிறார்.

கடைசியாக, கனடாக்காரருக்கு. விசுவமடுவில் ஒரு வீட்டுக்கு அங்கிருந்து வந்த கணப்பு 120 வோல்ற்று, 60 ஏட்சு (மின்னோட்டத்தின் அதிர்வெண்), 1500 வாற்று. அதை நேரே எங்கள் 230 இல் போட்டால் சுருள் ஏறத்தாழ 5500 வாற்று இழுக்கப் பார்க்கும். உருகி போகும், அதற்கு முன் பலகையும் போகலாம். வோல்ற்றளவைக் குறைக்கும் மாற்றி வேண்டும், அதுவும் 2000 வோல்ற்றம்பியருக்குக் குறையாமல். அவர்கள் ஒரு சின்ன மாற்றியை வாங்கி அதை எரித்தார்கள். பெரியதை வாங்கிய பிறகு சூடு வந்தது, ஆனால் தீ சோம்பல். மோட்டர் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்பச் சுற்றுகிற வகை என்பதால் 60க்குப் பதில் 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிட்டது. எந்த மாற்றியும் அதைத் திருத்தாது. லண்டன், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் சாமானுக்கு இந்தத் தொல்லை இல்லை; லண்டன் தவிர்ந்தவற்றுக்குப் பிளக் மட்டும் மாற வேண்டும். ஆகவே உறவுக்காரர் கணப்பு அனுப்பப் போகிறேன் என்றால், பெட்டி கட்டுவதற்கு முன் இயந்திரத்தின் பின்பக்க ஒட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 220 முதல் 240 வோல்ற்று, 50 ஏட்சு என்று இருந்தால் ஏற்றட்டும். 120, 60 என்று இருந்தால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடட்டும்.